கோப்பு வடிவத்துக்கு எந்த முகவரி? வாசகர் கேள்வி பதில்

லிங்க்டு டேட்டா (இணைய முகவரிகளால் ஒன்றோடொன்று இணைத்த தரவு) முறையிலான மெட்டாடேட்டாவில், அதாவது தரவைப் பற்றிய தகவலில், கோப்பு வடிவத்தைக் குறிப்பது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பண்புப் பெயர்களையும் முகவரிகளையும் ஒலிப்பின்படி தமிழில் தருகிறோம். ஃபைலில் இடும்போது அவற்றை மூல ஆங்கில எழுத்துகளில், பெரிய எழுத்து சின்ன எழுத்து பிசகாமல் எழுத வேண்டும். பிசகினால் என்ன ஆகும் என்பது முதல் பதிலிலேயே வருகிறது.

கேள்வி: எங்கள் கேட்டலாக்கில் ஃபார்மட் என்ற கட்டத்தில் ‘பிடிஎஃப்’, ‘.பிடிஎஃப்’, ‘அப்ளிகேஷன்/பிடிஎஃப்’, ‘அக்ரோபேட் ஃபைல்’ என்று நாலு விதமாக இருக்கிறது. இதை யூஆர்ஐ (இணைய முகவரி வடிவிலான அடையாளம்) ஆக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ‘அப்ளிகேஷன்/பிடிஎஃப்’ என்று ஒரே மாதிரி திருத்திவிட்டால் போதாதா?

பதில்: உங்கள் கேட்டலாக்குக்குள் மட்டும் தேடப் போகிறீர்கள் என்றால் போதும். வெளியே கொடுக்கும்போதுதான் குறை தெரியும். லிங்க்டு டேட்டாவை எழுதும் முறையான ஆர்டிஎஃப்பில் ஒரு வாக்கியத்துக்கு எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று மூன்று உறுப்புகள். வெறும் சரம், அதாவது லிட்டரல், செயப்படுபொருளாக மட்டுமே வரலாம். எழுவாயாக வர முடியாது. ஆகவே ‘அப்ளிகேஷன்/பிடிஎஃப்’ என்ற சரத்தைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்ல வழியில்லை. அதன் தமிழ்ப் பெயர் இன்னது, கோப்பு நீட்டிப்பு இன்னது, வேறொரு பட்டியலில் இதற்கு நேரானது இன்னது என்று எதையும் அதில் தொங்கவிட முடியாது. யூஆர்ஐ எழுவாயாகவும் நிற்கும். இரண்டு இடத்துத் தரவை ஒரே குவியலில் கொட்டினால், ஒரே முகவரி கொண்டவை தாமாக ஒட்டிக்கொள்ளும்.

சரத்தில் இன்னோர் ஓட்டையும் உண்டு. ‘அப்ளிகேஷன்/பிடிஎஃப்’ என்ற சரமும், ஆங்கிலம் என்று மொழிக்குறி ஒட்டிய அதே சரமும் ஆர்டிஎஃப் கணக்கில் வெவ்வேறு. திரையில் ஒன்றாகத் தெரியும். க்வெரி, அதாவது தேடல் கட்டளை, ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டுவிடும்.

எந்த முகவரி என்றால், முதலில் ஐயானாவுடையது. இணையத்தின் பொதுப் பெயர்களையும் எண்களையும் பதிந்து வைக்கும் அமைப்பு அது. மீடியா டைப்புகளின், அதாவது ‘அப்ளிகேஷன்/பிடிஎஃப்’ போன்ற வகைப் பெயர்களின், பதிவேடு அங்கேதான் இருக்கிறது. பதிவு விதிகள் 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6838 என்ற இணையத் தர ஆவணத்தில் உள்ளன. முகவரியின் அமைப்பு: ஐயானா தளத்தின் பெயர், அதன்பின் அசைன்மென்ட்ஸ், அதன்பின் மீடியா-டைப்ஸ், கடைசியில் வகையும் உள்வகையும். சிஎஸ்வி என்றால் டெக்ஸ்ட்/சிஎஸ்வி என்று முடியும்.

இதை எழுதும்போது கை தவறும் இடங்கள்: ஹெச்டிடிபி என்று ஒருவரும் ஹெச்டிடிபிஎஸ் என்று இன்னொருவரும் தொடங்கினால், பிரவுசர் இரண்டையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுபோகும், ஆர்டிஎஃப் தரவுத்தளமான ட்ரிபிள் ஸ்டோருக்கு அவை இரண்டு தனித்தனிப் பொருள்கள். ஐயானா முகவரிக்கு ஹெச்டிடிபிஎஸ் வடிவத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு சாய்கோடு கூடிவிட்டாலும் இதே கதிதான். அடுத்தது எழுத்தளவு. மீடியா டைப் என்ற முறையில் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் வேறுபாடு இல்லை. யூஆர்ஐயின் பாதைப் பகுதியில் வேறுபாடு உண்டு. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கவும் கூடாது: அப்ளிகேஷன்/எடிஃபேக்ட் போன்ற சிலவற்றின் உள்வகை பதிவேட்டிலேயே பெரிய எழுத்தில்தான் இருக்கிறது. பதிவேட்டில் உள்ளபடி நகலெடுப்பதே சரி. அப்புறம் கூட்டல் குறி. எல்டி+ஜேசன் போன்ற பெயர்களில் வரும் அந்தக் குறி பாதையில் அப்படியே நிற்கலாம். ஏதாவது என்கோடிங் ஃபங்ஷனுக்குள் விட்டால் அது விழுக்காட்டுக் குறியோடு 2பி என்று மாறி, வேறொரு யூஆர்ஐ ஆகிவிடும்.

கேள்வி: டிசி:ஃபார்மட், டிசிடெர்ம்ஸ்:ஃபார்மட், டிகேட்:மீடியாடைப். மூன்றும் ஒன்றுதானா? எதைப் போடுவது?

பதில்: ஒன்றல்ல. டிசி, டிசிடெர்ம்ஸ் இரண்டும் டப்ளின் கோர் என்ற பொது மெட்டாடேட்டா சொற்தொகுதியின் முன்னொட்டுகள்; டிகேட் தரவுக் கேட்டலாக்குகளுக்கான சொற்தொகுதி. முதலாவது டப்ளின் கோரின் பழைய 15 உறுப்புகளில் ஒன்று; அதில் சரம் போடலாம். வெப் அனொட்டேஷன் (இணையக் குறிப்புரைகளுக்கானது), ஐஐஐஎஃப் (படங்களைப் பகிர்வதற்கானது) போன்ற தரங்களில் ‘ஃபார்மட்’ என்று எழுதுவது இந்தப் பண்பில்தான் போய் விழுகிறது. ஆகவே அங்கே ‘இமேஜ்/ஜேபெக்’ என்று சரமாகவே விடுவதுதான் முறை. லிங்க்டு டேட்டா என்றால் எங்கும் யூஆர்ஐ என்று நினைத்து அதைத் திருத்தினால் வியூவர்கள் குழம்பும்.

இரண்டாவதுக்குச் சரம் பொருந்தாது. அது ஒரு பொருளை, அதாவது யூஆர்ஐயை எதிர்பார்க்கிறது. மூன்றாவது இந்த இரண்டாவதின் துணைப்பண்பு, இன்னும் குறுகலானது. வடிவம் ஐயானாவில் பதிவாகியிருந்தால் டிகேட்:மீடியாடைப், இல்லாவிட்டால் டிசிடெர்ம்ஸ்:ஃபார்மட். இதுதான் டிகேட் சொல்லும் வழி. 2014-இல் வந்த முதல் பதிப்பிலிருந்து 2024-இல் வந்த மூன்றாம் பதிப்பு வரை இதன் சாரம் மாறவில்லை.

இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்றால், தாராளமாக. ஐரோப்பியத் தரவுத் தளங்களுக்கான டிகேட்-ஏபி வழக்கத்தில் ஒரு டிஸ்ட்ரிப்யூஷனுக்கு (தரவு வெளிவரும் ஒரு கோப்பு வடிவத்துக்கு) மீடியா டைப் ஒன்று, ஐரோப்பிய ஒன்றியப் பதிப்பகத்தின் ஃபைல்-டைப் பட்டியலிலிருந்து ஃபார்மட் ஒன்று என்று இரண்டும் இருக்கும். ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஒன்றுதான். கவனிக்க: அந்தப் பட்டியலின் முகவரிகள் ஹெச்டிடிபி என்றே தொடங்கும், குறியீடுகள் பெரிய எழுத்தில் இருக்கும். சிஎஸ்வி, ஜேசன்_எல்டி, ஆர்டிஎஃப்_டர்ட்டில் எல்லாம் அப்படித்தான். ஐயானாவுக்குச் சொன்ன பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எல்லாம் தப்பாகும்.

தேடுபொறிகள் படிக்கும் சொற்தொகுதியான ஸ்கீமா.ஆர்க்கின் என்கோடிங்ஃபார்மட் சரத்தையும் ஏற்கும், யூஆர்எல்லையும் ஏற்கும். தேடுபொறிக்காக எழுதும் பக்கத்தில் ‘டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ என்ற சரமே போதும். பழைய ஃபைல்ஃபார்மட் என்ற பண்பு இதற்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டது. புதிதாக எழுதுபவர்கள் அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: இமேஜ்/ஜேபிஜி சரியா?

பதில்: இல்லை. பதிவேட்டில் இருப்பது இமேஜ்/ஜேபெக் மட்டும். இதேபோல் டெக்ஸ்ட்/ஜேசன், அப்ளிகேஷன்/சிஎஸ்வி ஆகியவையும் நீட்டிப்பைப் பார்த்து யாரோ ஊகித்து எழுதியவை. ஹெச்டிடிபியில் இப்படி அனுப்பினால் பிரவுசர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் இவை சாகாமல் இருக்கின்றன. யூஆர்ஐ ஆக்கும்போது இல்லாத ஒன்றுக்கு முகவரி எழுதியவர் ஆவீர்கள்.

கேள்வி: ஏழு சிஎஸ்வி கோப்புகளை ஒரு ஜிப்பில் கட்டி வெளியிடுகிறோம். மீடியா டைப் அப்ளிகேஷன்/ஜிப் என்று போட்டிருந்தோம். தரவைப் பயன்படுத்துபவர்கள், சிஎஸ்வி என்று வடிகட்டினால் உங்கள் தரவு வருவதே இல்லை என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது நியாயம். ஜிப் என்பது பொட்டலம். உள்ளே இருக்கும் பண்டம் சிஎஸ்வி. ஒரே கட்டத்தில் இரண்டையும் சொல்லப் பார்த்ததுதான் சிக்கல். 2020-இல் வந்த டிகேட் இரண்டாம் பதிப்பு இதற்கென்றே இரண்டு பண்புகளைச் சேர்த்தது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியதற்கு டிகேட்:பேக்கேஜ்ஃபார்மட். கோப்பை அழுத்திச் சுருக்கியதற்கு டிகேட்:கம்ப்ரெஸ்ஃபார்மட். மீடியாடைப் எப்போதும் உள்ளே இருப்பதைச் சொல்லும்.

உங்கள் விஷயத்தில் மீடியாடைப் டெக்ஸ்ட்/சிஎஸ்வி, பேக்கேஜ்ஃபார்மட் அப்ளிகேஷன்/ஜிப். ஜிப் கட்டவும் செய்கிறது, சுருக்கவும் செய்கிறது. கம்ப்ரெஸ்ஃபார்மட்டிலும் போட வேண்டுமா என்று அடுத்த கேள்வி வரும். பல கோப்புகளைக் கட்டியிருப்பதால் பேக்கேஜ்ஃபார்மட் மட்டும் போதும் என்பது எங்கள் கருத்து. ஒரே ஒரு ஜியோஜேசன் கோப்பை ஜிஜிப்பில் சுருக்கியிருந்தால் மீடியாடைப் அப்ளிகேஷன்/ஜியோ+ஜேசன், கம்ப்ரெஸ்ஃபார்மட் அப்ளிகேஷன்/ஜிஜிப். அங்கே பேக்கேஜ்ஃபார்மட்டுக்கு வேலை இல்லை.

டார்.ஜிஜெட் வந்தால் இரண்டும் வேண்டும்: கட்டியது டார், சுருக்கியது ஜிஜிப். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. எங்கும் காணப்படும் அப்ளிகேஷன்/எக்ஸ்-டார் ஐயானாவில் பதிவானதே இல்லை. ஐயானா முகவரியோடு அதை ஒட்டினால் பொய் முகவரி பிறக்கும். டாருக்கு ஐரோப்பிய ஃபைல்-டைப் பட்டியலின் முகவரியைக் கொடுங்கள்.

வரைபடத் தரவுக்கான ஷேப்ஃபைல் இதைவிடத் தொல்லை. பெயர் ஒருமை, உண்மையில் அது குறைந்தது மூன்று கோப்புகள்: எஸ்ஹெச்பி, எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப். பெரும்பாலும் பிஆர்ஜே ஒன்றும் கூட வரும். ஐயானாவில் இந்த முதல் மூன்றுக்கும் தனித்தனி மீடியா டைப் இருக்கிறது. மொத்தக் குடும்பத்துக்கு ஒன்று இல்லை. ஆகவே மீடியாடைப்பை விட்டுவிட்டு, டிசிடெர்ம்ஸ்:ஃபார்மட்டில் ஷேப்ஃபைல் என்ற பட்டியல் முகவரியையும் பேக்கேஜ்ஃபார்மட்டில் ஜிப்பையும் போடுவது நேர்மையானது.

டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகியவையும் உள்ளுக்குள் ஜிப்தான். ஆனால் அது அந்த வடிவத்தின் சொந்த உடம்பு, பொட்டலம் அல்ல. அவற்றுக்குப் பேக்கேஜ்ஃபார்மட் கூடாது. சில கருவிகள் இவற்றைத் திறந்து பார்க்காமல் முதல் சில பைட்டை மட்டும் பார்த்துவிட்டு அப்ளிகேஷன்/ஜிப் என்று சொல்லிவிடும். கருவி சொன்னதை அப்படியே மெட்டாடேட்டாவில் கொட்டும் இடங்களில் இந்தத் தவறைத் தவறாமல் பார்க்கலாம்.

கேள்வி: ஐயானா முகவரியைச் சொடுக்கினால் சில வகைகளுக்குப் பக்கமே வருவதில்லை. அப்படியானால் அது செல்லாத அடையாளமா?

பதில்: செல்லும். சில பழைய வகைகள், டெக்ஸ்ட்/ப்ளெய்ன் போன்றவை, தனிப் பதிவுப் படிவம் இல்லாமல் நேரே ஆர்எஃப்சி வழியாகப் பதிவேட்டில் ஏறியவை. பக்கம் வந்தாலும் அது மனிதர் படிக்கும் படிவம்தான். அதில் ஆர்டிஎஃப் கிடைக்காது. மெஷின் படிக்கும் பெயரும் நீட்டிப்பும் வேண்டுமென்றால் அவற்றை உங்கள் தரவிலேயே அந்த முகவரிக்குக் கீழே எழுதி வைக்க வேண்டும். ஆர்டிஎஃப் குடும்பத்துக்கு மட்டும் வேறு வசதி உண்டு: இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் தளத்தில் என்எஸ்/ஃபார்மட்ஸ் பாதையில் டர்ட்டில், ஆர்டிஎஃப்_எக்ஸ்எம்எல், என்-ட்ரிபிள்ஸ் ஆகியவற்றுக்குத் தனி யூஆர்ஐ இருக்கிறது. அவற்றில் மீடியா டைப்பும் விருப்ப நீட்டிப்பும் ஆர்டிஎஃப் ஆகவே கிடைக்கும். ஸ்பார்க்கிள் (ஆர்டிஎஃப்புக்கான க்வெரி மொழி) சர்வீஸ் டிஸ்கிரிப்ஷன் எழுதுகிறவர்கள் ரிசல்ட்ஃபார்மட்டுக்கு இவற்றைத்தான் போடுவார்கள்.

கேள்வி: ஆவணக் காப்பகத்தில் வேலை. பிடிஎஃப் 1.4, பிடிஎஃப் 1.7, பிடிஎஃப்/ஏ (நெடுநாள் காப்புக்கான பிடிஎஃப்) எல்லாமே அப்ளிகேஷன்/பிடிஎஃப் என்றால், பிடிஎஃப்/ஏ எத்தனை இருக்கிறது என்று எப்படி எண்ணுவது?

பதில்: மீடியா டைப்பை வைத்து எண்ண முடியாது. அது கோப்பை எந்தக் கருவியிடம் கொடுப்பது என்ற கேள்விக்கான பதில் மட்டும். பதிப்பு வேறு கேள்வி; அதற்கு வேறு பதிவேடு.

காப்பகத் துறையில் நிலைத்தது பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் ப்ரோனம். ஒவ்வொரு வடிவத்துக்கும், பதிப்புக்கும் அது பியூஐடி என்ற எண் கொடுக்கிறது. பிடிஎஃப் 1.4 எஃப்எம்டி/18. பிடிஎஃப் 1.7 எஃப்எம்டி/276. பிடிஎஃப்/ஏ-1ஏ எஃப்எம்டி/95, பிடிஎஃப்/ஏ-1பி எஃப்எம்டி/354. எண்களுக்குள் வரிசை ஒழுங்கைத் தேடாதீர்கள். அவை பதிவான வரிசையில் விழுந்தவை. டிஃப் எஃப்எம்டி/353, சிஎஸ்விக்கு மட்டும் எக்ஸ்-எஃப்எம்டி/18. முன்னொட்டான எக்ஸ்-ஐ விட்டுவிட்டால் உங்கள் சிஎஸ்வி எல்லாம் பிடிஎஃப் 1.4 ஆகிவிடும், ஸ்ப்ரெட்ஷீட்டில் கடைசி எண்ணை மட்டும் வெட்டி எடுப்பவர்கள் இதில் விழுவார்கள்.

யூஆர்ஐ ஆக எழுத இன்ஃபோ:ப்ரோனம்/ என்ற முன்னொட்டின் பின் பியூஐடியை வைக்கலாம். இன்ஃபோ வகை யூஆர்ஐக்களைச் சொடுக்கினால் எங்கும் போகாது. அவை பெயர் மட்டுமே. சொடுக்கக்கூடியது வேண்டுமென்றால் அந்தக் காப்பகத் தளத்தில் ப்ரோனம் என்ற பாதைக்குப் பின் பியூஐடியை ஒட்டிய முகவரி இருக்கிறது. ஏதாவது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

பியூஐடியைக் கண்டுபிடிக்கக் கையால் எழுத வேண்டாம். டிராய்ட், சீக்ஃப்ரீட் ஆகிய கருவிகள் கோப்பின் உள்ளடக்கத்தில் இருக்கும் பைட் கையெழுத்தைப் பார்த்துச் சொல்லும். எதை வைத்து அடையாளம் கண்டது என்பதும் அறிக்கையில் இருக்கும்: கையெழுத்தா, உள்ளே திறந்து பார்த்ததா, வெறும் நீட்டிப்பா என்று. அந்தத் தகவலையும் கூடவே சேமியுங்கள். சிஎஸ்விக்குக் கையெழுத்து கிடையாது; அது எப்போதும் நீட்டிப்பை நம்பிச் சொன்னதாகத்தான் வரும். பெயர் மாற்றிய கோப்பு என்றால் விடையும் மாறும்.

உங்கள் எண்ணிக்கைக்கு இன்னோர் எச்சரிக்கை. பிடிஎஃப்/ஏ என்று இந்தக் கருவிகள் சொன்னால், கோப்பு தன்னைப் பிடிஎஃப்/ஏ என்று சொல்லிக்கொள்கிறது என்று மட்டும் பொருள். உள்ளே எழுத்துருக்களைப் பொதிந்திருக்கிறதா, தடைசெய்த அம்சங்கள் இருக்கின்றனவா என்பதை அவை பார்ப்பதில்லை. அதற்கு வேராபிடிஎஃப் போன்ற சரிபார்ப்புக் கருவி வேண்டும். அதில் தேறிய கோப்புக்கு மட்டும் டிசிடெர்ம்ஸ்:கன்ஃபார்ம்ஸ்டூ என்ற பண்பில் ஐஎஸ்ஓ 19005-1 என்ற தரத்தைச் சுட்டலாம். தேறாததற்குப் பியூஐடி இருக்கட்டும், கன்ஃபார்ம்ஸ்டூ வேண்டாம். அப்போது ‘பிடிஎஃப்/ஏ என்று சொல்லிக்கொள்பவை எத்தனை, உண்மையில் தேறியவை எத்தனை’ என்று இரண்டு க்வெரியில் எண்ணிவிடலாம்.

வெளித் தளத்துக்கு அனுப்பும்போது பியூஐடியை டிசிடெர்ம்ஸ்:ஃபார்மட்டில் திணிக்காதீர்கள். அங்கே ஃபைல்-டைப் பட்டியலின் முகவரியை எதிர்பார்ப்பார்கள், ஒன்றுதான் அனுமதி. காப்பகத்தின் உள் கேட்டலாக்கில் பியூஐடி, வெளியே போகும் ஏற்றுமதியில் ஐயானா என்று பிரித்துக்கொள்வது நெடுநாள் தாங்கும்.

கேள்வி: ஜேசன்-எல்டி (ஆர்டிஎஃப்பை ஜேசனில் எழுதும் வடிவம்) ஃபைலில் மீடியாடைப்புக்கு ‘டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ என்று எழுதி, கான்டெக்ஸ்ட்டில் (சொற்களுக்கு யூஆர்ஐ காட்டும் பகுதியில்) டைப் @ஐடி என்று கொடுத்தோம். விரித்துப் பார்த்தால் எங்கள் தளத்தின் முகவரியோடு டெக்ஸ்ட்/சிஎஸ்வி ஒட்டிக்கொண்டு வருகிறது. ஏன்?

பதில்: டைப் @ஐடி என்று சொன்னதும், அந்தச் சரத்தை யூஆர்ஐ என்று ப்ராசஸர் நம்புகிறது. ‘டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ முழு யூஆர்ஐ அல்ல, சார்பு முகவரி. சார்பு முகவரியை ஆவணத்தின் அடிப்படை முகவரியோடு சேர்ப்பதுதான் விதி. ப்ராசஸர் சரியாகத்தான் செய்திருக்கிறது. பிழைச் செய்தியும் வராது, அதனால் இது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

எளிய தீர்வு, முழு முகவரியையும் எழுதிவிடுவது. ஜேசனைக் குட்டையாக வைத்திருக்க வேண்டுமென்றால் ஜேசன்-எல்டி 1.1-இல் வழி உண்டு. கான்டெக்ஸ்ட்டில் மீடியாடைப் என்ற சொல்லுக்கு @ஐடி என்ற இடத்தில் டிகேட்டின் மீடியாடைப். @டைப் என்ற இடத்தில் @வொகேப். அதே சொல்லுக்குள் இன்னொரு @கான்டெக்ஸ்ட், அதில் @வொகேப் என்று ஐயானாவின் மீடியா-டைப்ஸ் பாதை, முடிவில் சாய்கோட்டோடு. அந்தச் சாய்கோடு விட்டுப்போனால் டைப்ஸும் டெக்ஸ்ட்டும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். 1.0 ப்ராசஸர்களுக்கு இந்த உள் கான்டெக்ஸ்ட் புரியாது. கான்டெக்ஸ்ட்டின் தலையில் @வெர்ஷன் 1.1 என்று போட்டுவிட்டால் அவை தவறாக விரிக்காமல் பிழை சொல்லி நிற்கும்.

ஆர்டிஎஃப்பின் இன்னோர் எழுத்து வடிவமான டர்ட்டிலில் எழுதுபவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. ஐயானா பாதைக்கு ப்ரிஃபிக்ஸ் (சுருக்கப் பெயர்) வைத்து, அதன்பின் டெக்ஸ்ட்/சிஎஸ்வி என்று நேராக எழுதினால் பார்சர் ஏற்காது. ப்ரிஃபிக்ஸ் பெயரின் பின்பகுதியில் சாய்கோடும் கூட்டல் குறியும் வெறுமனே வரக்கூடாது. முன்னால் பின்சாய்கோடு வேண்டும். படிக்கச் சகிக்காது. கோண அடைப்புக்குள் முழு முகவரியை எழுதிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: ஆய்வகக் கருவி ஒன்று தனக்கே உரிய வடிவத்தில் தரவு தருகிறது. ஐயானாவிலும் இல்லை, ப்ரோனத்திலும் இல்லை. நாங்களே யூஆர்ஐ உருவாக்கலாமா?

பதில்: உருவாக்கலாம், ஆனால் கடைசியாக. முதலில் பொதுத் தரவுத்தளமான விக்கிடேட்டாவைப் பாருங்கள். கோப்பு வடிவங்கள் அங்கே ஏராளம். ப்ரோனம் எண்ணுக்கு பி2748, மீடியா டைப்புக்கு பி1163, நீட்டிப்புக்கு பி1195 என்று பண்புகளும் இருப்பதால் இவற்றை வைத்தே தேடலாம். கிடைத்தால் என்டிட்டி என்ற பாதையில் ஹெச்டிடிபி என்று தொடங்கும் முகவரியை எடுங்கள். பிரவுசரின் முகவரிப் பட்டையில் இருப்பதை அல்ல. பட்டையில் இருப்பது வடிவத்தைப் பற்றிய பக்கம். என்டிட்டி முகவரிதான் வடிவம். சிஎஸ்விக்கு அது க்யூ935809 என்று முடியும்.

அங்கும் இல்லையென்றால் உங்கள் டொமைனில் ஸ்கோஸ் (சொற்பட்டியல்களுக்கான ஆர்டிஎஃப் சொற்தொகுதி) முறையில் ஒரு சிறிய பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு வடிவமும் ஒரு கான்செப்ட்: பெயர், ஒரு வரி விளக்கம், நீட்டிப்பு, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு எழுதுகிறது என்ற குறிப்பு. டிசிடெர்ம்ஸ்:மீடியாடைப் என்ற வகுப்பையும் அதற்கு ஒட்டிவிடுங்கள். அடிப்படை எக்ஸ்எம்எல்லோ ஹெச்டிஎஃப்5-ஓ என்றால் அந்தப் பொது வடிவத்தின் முகவரியோடு ஸ்கோஸ்:ப்ராட்மேட்ச் (இதைவிடப் பரந்தது என்ற இணைப்பு) கொடுங்கள்.

ஓடபிள்யூஎல்:சேம்அஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அது இரண்டு முகவரியும் ஒரே பொருள் என்று சத்தியம் செய்வது. பிடிஎஃப் 1.4-இன் பியூஐடியையும் அப்ளிகேஷன்/பிடிஎஃப்பையும் அப்படி இணைத்து, பிடிஎஃப் 1.7-ஐயும் அதோடு இணைத்தால், 1.4-உம் 1.7-உம் ஒன்று என்று ரீசனர் (தரவிலிருந்து அனுமானிக்கும் மென்பொருள்) முடிவு கட்டும். அதன்பின் எதையும் பிரிக்க முடியாது.

தானாக அப்ளிகேஷன்/எக்ஸ்- என்று ஒரு பெயர் கட்டி ஐயானா பாதையில் ஒட்டுவது இன்னொரு பழக்கம். எக்ஸ்- முன்னொட்டு வேண்டாம் என்று 2012-இலேயே ஆர்எஃப்சி 6648 சொல்லிவிட்டது. அதைவிட முக்கியம், அடுத்தவர் பெயர்வெளியில் நீங்கள் பெயர் வைக்கக் கூடாது.

கேள்வி: ‘டெக்ஸ்ட்/சிஎஸ்வி; கேர்செட்=யூடிஎஃப்-8’ என்பதற்கு ஐயானா முகவரி எப்படி எழுதுவது?

பதில்: எழுத முடியாது. அந்த முகவரிகள் வகை, உள்வகை வரைதான். அரைப்புள்ளிக்குப் பின் வருவது அளபுரு. அதை வேறு பண்பில் வைக்க வேண்டும். சிஎஸ்விக்கு 2015-இல் வந்த சிஎஸ்வி ஆன் தி வெப் தரத்தில் டயலெக்ட் என்ற பகுதி இருக்கிறது: என்கோடிங், பிரிப்பான், தலைப்பு வரி உண்டா இல்லையா என எல்லாம் அங்கே. பிரிப்பானாகத் தாவல் குறி இருந்தால் டெக்ஸ்ட்/டேப்-செபரேட்டட்-வேல்யூஸ் என்று தனி மீடியா டைப்பே பதிவில் இருக்கிறது.

கேள்வி: முகவரி சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஷேக்கிள் (ஆர்டிஎஃப் தரவைச் சரிபார்க்கும் தரம்) வேலிடேட்டர் ‘மீடியாடைப் வகுப்பைச் சேர்ந்ததல்ல’ என்று சிவப்பு காட்டுகிறது.

பதில்: வேலிடேட்டர் ஐயானாவுக்குப் போய்ப் பார்க்காது, போனாலும் அங்கே ஆர்டிஎஃப் இல்லை. கையில் கொடுத்த தரவில், அந்த முகவரி டிசிடெர்ம்ஸ்:மீடியாடைப் வகுப்பு என்ற வாக்கியம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். நீங்கள் பயன்படுத்தும் முகவரிகளுக்கு அந்த வாக்கியத்தையும் ஒரு லேபிளையும் தனி ஃபைலில் எழுதி, சரிபார்க்கும்போது கூடவே கொடுங்கள். உங்களுடைய சொந்த ஷேப் (சரிபார்ப்பு விதித் தொகுப்பு) என்றால் நோட்கைண்ட் ஐஆர்ஐ என்ற நிபந்தனையோடு, அனுமதித்த முகவரிகளின் பட்டியலை ஷேக்கிளின் ‘இன்’ நிபந்தனையில் வைப்பது இன்னும் கறாரானது: இமேஜ்/ஜேபிஜி அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: பழைய பதிவுகளில் இருக்கும் சரங்களை ஸ்பார்க்கிள் அப்டேட்டில் மொத்தமாக மாற்ற வேண்டும். எந்த வரிசையில் செய்வது?

பதில்: முதலில் எதையும் மாற்றாமல், வேறுபட்ட மதிப்புகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை என்று ஒரு க்வெரி ஓட்டுங்கள். மதிப்பு மட்டுமல்ல, அது லிட்டரலா, யூஆர்ஐயா, வெற்று முனையா (முகவரி இல்லாத பொருளா) என்பதையும் கேளுங்கள். பழைய டிகேட் தரவில் டிசிடெர்ம்ஸ்:ஐஎம்டி என்ற வகுப்போடு ஒரு வெற்று முனை வைத்து, அதற்குள் ஆர்டிஎஃப்:வேல்யூ என்று ‘டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ எழுதியிருப்பார்கள். லிட்டரலை மட்டும் தேடினால் இவை அத்தனையும் தப்பிவிடும்.

அந்தப் பட்டியலை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்து, இந்தச் சரத்துக்கு இந்த முகவரி என்று எதிரெதிரே எழுத வேண்டும். குறுக்குவழியாகச் சரத்தைச் சின்ன எழுத்தாக்கி, முன்னால் ஐயானா பாதையை ஒட்டி யூஆர்ஐ ஆக்கும் க்வெரியை எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ‘அக்ரோபேட் ஃபைல்’ போன்ற சரத்தில் இடைவெளி இருந்தால் செல்லாத யூஆர்ஐ பிறக்கும். ‘இமேஜ்/ஜேபிஜி’ அழகாகப் பொய் முகவரி ஆகும். கையால் எழுதிய இணைகளை வேல்யூஸ் பகுதியில் வைத்து, அதில் இருப்பவற்றை மட்டும் மாற்றுங்கள். மீதி அப்படியே நிற்கட்டும், அடுத்த சுற்றில் பார்க்கலாம்.

ஒப்பிடும்போது எஸ்டிஆர் ஃபங்ஷனால் மொழிக்குறியையும் டேட்டாடைப்பையும் உதறிவிடுங்கள். அரைப்புள்ளிக்குப் பின் இருக்கும் அளபுருவை வெட்ட ஸ்டிர்பிஃபோர் கைக்கு வரும். ஆனால் சரத்தில் அரைப்புள்ளியே இல்லையென்றால் அது முழுச் சரத்தைத் தராது, வெற்றுச் சரத்தைத் தரும். அப்படி ஓட்டினால் நல்ல மதிப்புகள்தான் முதலில் காணாமல் போகும். ரீப்ளேஸ் ஃபங்ஷனில், அரைப்புள்ளி முதல் கடைசி வரை உள்ளதை நீக்கு என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

சேர்க்கும் வேலையை முதலிலும் அழிக்கும் வேலையைப் பிறகும் தனித்தனியாகச் செய்யுங்கள். புதிய யூஆர்ஐகளைச் சேர்த்து, எண்ணிக்கை சரிபார்த்து, அதன்பின் பழைய சரங்களை நீக்கலாம். நீக்குமுன் அவற்றைத் தனி நேம்டு கிராஃபுக்கு (பெயரிட்ட தரவுத் தொகுதிக்கு) நகர்த்தி வைப்பது நல்லது; ‘எக்செல்’ என்று எழுதியிருந்தது எக்ஸ்எல்எஸ்ஸா எக்ஸ்எல்எஸ்எக்ஸா என்று பின்னால் சந்தேகம் வரும்போது மூலச் சரம் வேண்டும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: எக்செல் நிறுவியிருக்கும் விண்டோஸ் கணினியிலிருந்து சிஎஸ்வியை ஏற்றினால், சில பிரவுசர்கள் அதை அப்ளிகேஷன்/விஎன்டி.எம்எஸ்-எக்செல் என்று அனுப்பிவிடும். அந்தச் சரத்தைக் கண்டால் கோப்பின் நீட்டிப்பையும் பார்த்த பிறகே முகவரி கொடுங்கள்.

கேள்வி: அப்ளிகேஷன்/ஜாவாஸ்கிரிப்ட் காலாவதி என்கிறார்கள். அப்படியானால் நாங்கள் கொடுத்த யூஆர்ஐ?

பதில்: 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9239 ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட்டை நிலைநிறுத்தி, அப்ளிகேஷன் வடிவத்தைக் காலாவதி ஆக்கியது. ஜியோஜேசனுக்கும் 2016-இல் ஆர்எஃப்சி 7946 அப்ளிகேஷன்/ஜியோ+ஜேசனைத் தந்தபோது, விஎன்டி.ஜியோ+ஜேசன் என்ற பழையது ஒதுங்கியது. காலாவதியானவை பதிவேட்டிலிருந்து மறைவதில்லை. காலாவதி என்ற குறிப்போடு அங்கேயே இருக்கும். ஆகவே பழைய யூஆர்ஐ உடையவில்லை. புதிய பதிவுகளுக்குப் புதியதைப் போடுங்கள். பழையதற்கு டிசிடெர்ம்ஸ்:இஸ்ரீப்ளேஸ்ட்பை என்று ஒரு வாக்கியத்தை உங்கள் லேபிள் ஃபைலில் சேர்த்துவிட்டால், தேடும் க்வெரி அதன் வழியே இரண்டையும் பிடித்துக்கொள்ளும்.